மூன்று முறை கேட்காத ஊர்

சூலூர் குளக்கரையில் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் முன்பு ஒன்பது பேர் இருந்தோம். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மூன்று பேர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். மிச்சம் நாலு பேர். இந்தக் கணக்கை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கரையில் கால் வைத்ததும் தலைகளை எண்ணிவிடுவேன். நூற்பாலையின் சோதனைக்கூடத்தில், நூலில் எத்தனை முடிச்சு, எத்தனை மெலிவு, எத்தனை தடிப்பு என்று எண்ணியே சம்பளம் வாங்கினவன். ஆலை எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. எண்ணுகிற புத்திக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் என் மகன் செந்தில் எங்களை வரச்சொன்னபோது, கரையில் பழனிச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் அமெரிக்காவிலிருந்து ஒரு வருஷமாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மணியண்ணா, போட்டோ கீட்டோ அனுப்ப வேண்டாமுங்க. கங்காருவ நான் டிவில பாத்துக்கறேன். வயசானவன் அங்க இருந்தா நல்லாருக்குமா, இங்க இருந்தா நல்லாருக்குமா, அத மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அத வெச்சுத்தான் நானும் என்ற புள்ளைக்குப் பதில் சொல்லோணும்."

"நல்ல ஆளப் புடிச்சீங்க போங்க," என்றார் காதர் பாய். எங்கள் நாலு பேரில் அவர்தான் இளையவர், அறுபத்தெட்டு. "இவரு அங்க போயி கரண்டுக் கம்பத்த எண்ணிட்டு வந்து நிப்பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. செந்தில் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தான்: வீட்டின் பின்பக்கம் இடம் கிடக்கிறது, ஓர் அறையும் குளியலறையும் கட்டலாம், நாங்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் ஆள் ஏற்பாடு செய்வான். பார்த்துவிட்டு வருகிற பயணமில்லை இது. இருப்பதா திரும்புவதா என்று முடிவு செய்கிற பயணம். எழுபத்திரண்டு வயதில் ஒரு தடவை பெயர்த்து நட்டால் மறுபடி பெயர்க்க முடியாது.

கிளம்புவதற்கு முன் என் மனைவி சரஸ்வதியிடம் கேட்டேன்: "அங்கயே இருந்துக்கலாமா, சரசு?"

அவள் அடுப்படியில் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "உங்க இஷ்டமுங்க," என்றாள். விடை கிடைத்துவிட்டது என்று நானும் வெளியே வந்துவிட்டேன்.

பெர்த்தில் இறங்கியதும் எங்களை முதலில் வரவேற்றது ஒரு மோப்ப நாய். அது சரசுவின் பையைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. உணவுப் பொருள் இருக்கிறது என்று சீட்டில் நான் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தோம். சோதனை அதிகாரி ஓர் இளம்பெண். தலைமுடியைக் குதிரைவால் போலக் கட்டியிருந்தாள்.

"விதை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் சரசுவைப் பார்த்தேன். அவள், "இல்லீங்க," என்றாள்.

"விதை? செடி?"

"இல்லீங்க."

அந்தப் பெண் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு மூன்றாவது தடவை கேட்டாள்: "நிச்சயமாக இல்லையா அம்மா?"

சரசு தலையைக் குனிந்து, கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து மேசையில் வைத்தாள். "அவரை வெதைங்க. நாலு கொடி வெச்சா ஊடு பூரா காய்க்கும். பேத்திக்குன்னு எடுத்தாந்தேன். புடுங்கிப்போட வேண்டாம்னு சொல்லுங்க."

நான் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை. விதைகள் மூடிபோட்ட தொட்டிக்குள் போய்விட்டன. மீதியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அந்தப் பெண் நல்வரவு சொன்னாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களால் மறைக்க முடியாது. உள்ளது வெளியே வந்துவிடும். அந்த நாட்டுக்காரர்களில் ஒரே கேள்வியை எங்களிடம் மூன்று தடவை கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை தெருவில் நடந்தேன். முப்பத்துநாலு வீடுகள். எதிர்ப்பட்ட மனிதர்கள் மூன்று பேர், நாய்கள் ஏழு. மூன்று பேரும் புன்னகைத்து வணக்கம் சொன்னார்கள், ஆனால் நிற்கவில்லை. நாய்கள் நின்றன. இங்கே சூலூரில் தறிச் சத்தமும் தலைக்கு மேலே விமானப்படை விமானத்தின் சத்தமும் இல்லாமல் நான் விழித்த நாளில்லை. அங்கே காதுக்கு வேலையே இல்லை. எனக்கே என் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்லதையும் எண்ணினேன். நடைபாதையில் ஒரு கல்கூடப் பெயர்ந்திருக்கவில்லை. நான் சாலையோரம் சும்மா நின்றால்கூடக் கார்கள் எனக்காக நின்றன. சங்கடப்பட்டு, கடக்க வேண்டிய அவசியமே இல்லாத சாலையை இரண்டு தடவை கடந்தேன். நம் திருச்சி சாலையை ஒரு கிழவன் கடப்பதென்றால் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் வயது ஆண்களுக்கு ஒரு நாட்டின் தரம் அதன் பொதுக் கழிப்பறையில்தான் தெரியும். செந்தில் வீட்டிலிருந்து பூங்கா, நூலகம், கடைத்தெரு என்று ஒரு சுற்றுச் சுற்றினால் ஐந்து கழிப்பறைகள். ஐந்திலும் தண்ணீர், ஐந்திலும் தாழ்ப்பாள். சூலூரிலிருந்து காந்திபுரம் போகிற வழியில் நான் நம்பி நுழையக்கூடியது ஒன்றுகூடக் கிடையாது. தெரிந்தவர் கடையில் காப்பி குடிப்பதுபோலப் போய்த்தான் சமாளிக்கிறேன்.

மூன்றாம் நாள் சரசுவும் நானும் கடற்கரைக்குப் பேருந்தில் போவது என்று கிளம்பினோம். நிறுத்தத்தில் நின்றோம். பேருந்து வந்தது. ஓட்டுநர் எங்களை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார். அடுத்ததும் அப்படியே.

"நம்ம மூஞ்சி புடிக்கலயாட்ட இருக்குது," என்றாள் சரசு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்தான் விளக்கினாள். கையை நீட்டினால்தான் வண்டி நிற்குமாம். நீட்டாவிட்டால், "இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம்," என்றாள். கிழவனும் கிழவியும் பையோடு நிற்பதைக் கண்டால், நிறுத்தமே இல்லாத இடத்திலும் பிரேக் போடுகிற ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

மூன்றாவது வண்டிக்கு இரண்டு பேரும் நாலு கைகளையும் நீட்டினோம். ஏறினோம். கடற்கரை வந்தால் கண்டக்டர் சொல்லுவார் என்று உட்கார்ந்திருந்தோம். கண்டக்டரே கிடையாது. இறங்குகிறவர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். நாங்கள் அழுத்தவில்லை, கடல் ஜன்னலில் வந்து, ஜன்னலிலேயே போய்விட்டது. இறங்கிய பதினாலு பேரில் பதினொரு பேர் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள்; அதை எண்ணிக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். ஓட்டுநர் நல்ல மனிதர். திரும்பும் வண்டியில் எங்களை உட்காரவைத்துக் கடற்கரையில் தானே குரல் கொடுத்து இறக்கிவிட்டார்.

எங்கள் டவுன் பஸ் கண்டக்டர் கணேசன் நினைவுக்கு வந்தார். நான் தூங்கிப்போனால் தோளில் தட்டி, "ஏனுங்கய்யா, சிங்காநல்லூரு வந்துபோச்சு. எறங்கறீங்களா, இல்ல எங்கூடவே சுத்தறீங்களா?" என்பார். நன்றி சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. மருமகள் காயத்ரி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். முதல் வாரமே அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய் ஊற்றி, மாமியாரிடம் நல்ல பேர் வாங்கிவிட்டாள். தேங்காய் மட்டும் துருவி உறையவைத்த பாக்கெட். பொள்ளாச்சிக் காயை உடைத்துச் சில்லு கடித்த வாய்க்கு அது மரத்தூள் மாதிரி இருந்தது. பேத்தி நிலா அதையே சர்க்கரை போட்டுச் சாப்பிட்டாள். செந்தில் காலையில் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடினான். அவன் உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிட்டது சனி, ஞாயிறுகளில்தான்.

பக்கத்து வீட்டில் மரியா என்ற மூதாட்டி தனியாக இருக்கிறார். எண்பத்துநாலு வயது. இத்தாலியின் தெற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, கல்யாணமான புதிதில் கப்பலில் வந்தவர். கணவர் இப்போது இல்லை. வேலிக்கு மேலே அவருடைய அத்திமரம் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கும். ஒரு மதியம் எங்களை வீட்டுக்கு அழைத்தார். விருந்துக்குப் போகிறோமே என்று காலையில் நான் ஒரு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே போனதும் தக்காளியும் பயறும் கொதிக்கிற வாசம். மரியா கரண்டியோடு வந்து, "சூப் சாப்பிடுகிறீர்களா?" என்றார்.

"இல்லைங்க, இப்போதுதான் சாப்பிட்டோம்," என்றேன். விருந்துக்குப் போன வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது அதுதானே.

"நல்லது," என்று அவர் பானையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நானும் சரசுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரியா தக்காளிச் செடி பற்றிப் பேசினார். என் வயிறு இடையிடையே பதில் சொன்னது. அவர் மறுபடி கேட்பார் என்று கடைசிவரை காத்திருந்தோம். கேட்கவில்லை. வாசல்வரை வந்து அன்பாகக் கையசைத்தார்.

தெருவில் இறங்கியதும் சரசு, "ரெண்டாந்தடவ கேக்கவே இல்லீங்களே அந்தம்மா!" என்றாள். அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து பழைய சாதத்தில் மோர் ஊற்றிக் குடித்தோம்.

அந்தச் சிரிப்பு அந்தச் சனிக்கிழமை வரைதான். இரவுச் சாப்பாட்டில் காயத்ரி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். செந்தில் சொன்னான்:

"அப்பா, நாளைக்குக் கட்டறவரு அளவெடுக்க வாராருங்க. நீங்களும் அம்மாவும் இங்கயே இருந்துக்கறதுன்னா பின்னால ரூம் போட்டுரலாம். இருந்துக்கறீங்களா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்குக் கண்ணு செரமம்? வேண்டாம் உடு," என்றேன்.

"சரிங்கப்பா," என்றான். போனை எடுத்தான். ரசம் தீருவதற்குள் நாளை வர வேண்டாம் என்று அந்த ஆளுக்குச் சொல்லிவிட்டான்.

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது "வேண்டாம்" நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. மூன்றாவது தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்வதற்குத்தான் அந்த இரண்டு தடவைகள். எங்கள் பக்கத்தில் முதல் "வேண்டாம்" பதிலல்ல. வந்த கேள்வியை உட்காரச் சொல்வது. செந்தில் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

சரசு கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்த்தாள். சாதாரணமாக என்னை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது "ஏனுங்க" என்று கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நாலே தடவை. அதில் ஒன்று கதவைச் சாத்தச் சொல்லி. இங்கேயே இருக்க ஆசைப்பட்டாள், நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலி ஓரமாக மரியா அத்திப்பழம் கொடுத்தார். நான் "வேண்டாம்" என்று ஆரம்பித்து, விழுங்கிக்கொண்டு, கையை நீட்டி வாங்கினேன். பிறகு சூப் கதையைச் சொல்லிவிட்டேன். பசியோடு திரும்பியதையும் சொன்னேன். கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் அம்மாவும் மூன்று தடவை கேட்பாள்!" என்றார். "நான் இங்கே வந்த புதிதில் எத்தனை வீடுகளிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறேன் தெரியுமா? அப்புறம் கற்றுக்கொண்டேன். இங்கே ஒருவர் வேண்டாம் என்றால் அதை நம்புவதுதான் மரியாதை. மறுபடி கேட்டால் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடும்."

"உங்கள் ஊருக்கே திரும்பிப் போயிருக்கலாமே?"

"போனோம். கணவர் ஓய்வு பெற்றதும் இங்கே வீட்டை விற்றுவிட்டுப் போனோம். என் கிராமத்தில் என்னை ஆஸ்திரேலியாக்காரி என்றார்கள். ரொட்டிக்கடைக்காரி என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். என் மைத்துனி சாப்பிடக் கூப்பிட்டாள். நான் முதல் தடவையே சரி என்று உட்கார்ந்துவிட்டேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டோம்." பழக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "திரும்புவதென்றால் இன்னும் முன்பே திரும்பியிருக்க வேண்டும்."

என்னை நினைத்துத்தான் அதைக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோது செந்தில்தான் நினைவுக்கு வந்தான். அன்று மேசையில் அவன் என்னை அலட்சியம் செய்யவில்லை. மரியாதை செய்திருக்கிறான், அந்த ஊர் மரியாதை.

இன்னொன்றும் உறைத்தது. நான்கூட சரசுவிடம் ஒரே ஒரு தடவைதானே கேட்டேன்?

மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்: "சரசு, உனக்கு இங்கயே இருக்கோணும்னு இருக்குதா?"

"உங்க இஷ்டமுங்க."

வாத்துக் கூட்டம் ஒன்று போனது. ஒன்பது வாத்துகள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"அதான் பையன் கேட்டான், நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. அப்பறம் என்ன?"

"அது நான் சொன்னது. நீ சொல்லு. உனக்கு இருக்கோணுமா?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு வந்தது.

"எனக்கு இந்த ஊரு வேண்டாமுங்க. பேத்தியப் பாத்துட்டே இருக்கலாம்னு இருக்குது, அது வேற. ஆனா பகல் பூரா பேச ஆளில்லாம, அந்த மிசின்ல துணி சுத்தறதயே பாத்துட்டு என்னால இருக்க முடியாதுங்க. நம்ம ஊட்டுக்கே போயிரலாம்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே?"

"இருக்கறமோ இல்லியோ, அவன் ரெண்டாந்தடவ கேட்டிருக்கோணுமுங்க. ஒறம்பரை வந்தாக்கூட மூணு தடவ சாப்புடச் சொல்றோம். பெத்தவங்கள ஒரே தடவைல உட்டுப்போட்டானே!"

அவளுக்கு அந்த அறை வேண்டியிருக்கவில்லை. அந்த அறைக்குக் கூப்பிடப்பட வேண்டியிருந்தது. எனக்கும் அதுதான் என்று அந்த பெஞ்சில்தான் தெரிந்துகொண்டேன்.

இதை அவள் அடுப்படியில் காயத்ரியிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மறுநாள் மருமகளின் குரல் கூடம்வரை கேட்டது: "அவருக்கு அதெல்லாம் மறந்துபோச்சுங்க அத்தை. கல்யாண நாளுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. ஒண்ணும் வேண்டாம்னேன். நெசமாலுமே ஒண்ணும் வாங்கலீங்க! அன்னையிலருந்து நான் கடை பேரு, கலரு எல்லாம் சொல்லிப்போடறேன்."

மிச்ச நாட்களில் பழனிச்சாமிக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எடை போட்டேன். காற்று, சாலை, கழிப்பறை, ஓட்டுநரின் பொறுமை, நாயின் அன்பு, இவை எல்லாம் அங்கே நிறைய. மருத்துவமும் நல்ல மருத்துவம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பார்க்க நேரவில்லை. ஆனால் வயதானவர்கள் விஷயத்தில் எல்லோரும் ஒன்றைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வயதாக ஆக, நம் வாயில் முதலில் வருவது "வேண்டாம்"தான். சாப்பாடு வேண்டாம், போர்வை வேண்டாம், டாக்டர் வேண்டாம், உனக்குச் சிரமம் வேண்டாம். பாதி நேரம் அது பொய். நமக்கே தெரியாத பொய்.

போன வருஷம் குளக்கரையில் நடக்கும்போது நெஞ்சில் ஏதோ அழுத்திற்று. காதர் பாய், "ஆஸ்பத்திரி போலாமுங்களா?" என்றார். "ஒண்ணுமில்ல பாய், வேண்டாம்," என்றேன். மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டு, என் முகத்தைப் பார்த்தார். நாலாவது தடவை கேட்கவில்லை. ஆட்டோவை நிறுத்தி என்னை உள்ளே தள்ளிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த முப்பத்துநாலு வீட்டுத் தெருவில் இது நடந்திருந்தால்? அந்த மூன்று பேரில் ஒருவர் கட்டாயம் நின்று கேட்டிருப்பார். நான் வேண்டாம் என்றிருப்பேன். அவர் அதை மதித்து, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போயிருப்பார்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நிஜமான "வேண்டாம்"கூடச் செல்லாது. பழனிச்சாமி வீட்டுக் கல்யாணப் பந்தியில் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று நான் இலைமேல் கையை வைத்து மறைத்தேன். கையை நகர்த்திவிட்டு ஜாங்கிரி வைத்தார்கள், மூன்று. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குள் வந்து, ஏன் இளைத்துவிட்டீர்கள் என்று கேட்பார்கள். தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு, தான் சொன்னதைச் சொன்னபடி கேட்க வேண்டும் என்கிறவர்களுக்கு, அந்த ஊர்தான் நிம்மதி. கையை நீட்டத் தெரிந்தவர்கள் அங்கே சௌகரியமாக இருக்கலாம். எனக்கு இனிமேல் பழகாது.

ஊருக்குத் திரும்பும் நாளும் வந்தது. விமான நிலையத்தில் செந்தில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். உள்ளே நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பு சட்டென்று நின்றான். பின்னால் காயத்ரி நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவ கேக்கறனுங்க. இங்கயே இருந்துக்கறீங்களா? ஆள நாளைக்கே வரச்சொல்லீரலாம்."

"வேண்டாங் கண்ணு."

"நெசமாலுமா?"

"நெசமாலுந்தான்."

அவன் தள்ளுவண்டியை விட்டுவிட்டு அம்மாவிடம் போனான். "அம்மா, நீங்க சொல்லுங்க. அப்பா சொல்றத நான் நம்பல. இது மூணாந்தடவ."

சரசு சேலைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தாள். வியர்வை ஒன்றும் இல்லை. "வேண்டாஞ் சாமி. எங்களுக்கு நம்ம ஊடுதான். நீ கேட்டயல்ல, அது போதும்."

"முன்னாடியே கேட்டிருக்கோணுமுங்க," என்றான்.

"செரி செரி, உடு. அந்த வெதக்காரப் புள்ள பாத்துட்டு நிக்கப்போவுது," என்றாள். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து "ஏனுங்க" பழையபடி வரத்தொடங்கியது. ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வந்த மறுநாள் காலை குளக்கரைக்குப் போனேன். தலைகளை எண்ணினேன். என்னோடு நாலு. பழனிச்சாமி நடையை நிறுத்திவிட்டுக் கரைச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"ம், சொல்லுங்க மணியண்ணா. அங்கயா, இங்கயா?"

"இங்கதானுங்க. வேண்டாம்னு சொன்னா நம்பாத ஆளுக இருக்கற வரைக்கும் இங்கதான்."

சூப் கதையிலிருந்து விமான நிலையம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பழனிச்சாமி தலையாட்டிக்கொண்டே கேட்டார். "என்ற புள்ள எத்தன தடவ கேட்டாள்னு இனி ரோசன பண்ணிப் பாக்கோணும்," என்றார்.

காதர் பாய் விடவில்லை. "அப்ப நாங்க மூணு பேரும் போய்ச்சேந்துட்டா நீங்க ஆஸ்திரேலியா போயிருவீங்களாக்கும்?"

"அதுக்குத்தான் பாய் தெனமும் எண்ணிப் பாக்கறேன்."

காப்பி வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். காதிலேயே வாங்காமல் கடைக்காரருக்கு நாலு விரலைக் காட்டினார்.

இப்போது ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறேன். மரியா வேலியோரம் சொன்னது மனசில் கிடக்கிறது: திரும்புவதென்றால் முன்பே திரும்ப வேண்டும். போன ஞாயிறு போனில் செந்திலிடம் கேட்டேன்: "நீங்கெல்லாம் ஊருக்கே வந்துருங்களேன் கண்ணு."

"அதெப்படிங்கப்பா, நிலாவுக்கு இஸ்கூல் இருக்குது. வேண்டாங்கப்பா," என்றான். நான் "சரி" என்று சொல்லவில்லை. வேறு பேச்சுப் பேசினேன்.

இந்த ஞாயிறு மறுபடி கேட்டேன். "பாக்கலாங்கப்பா," என்றான்.

மூன்றாவதையும் உடனே கேட்கச் சொல்லி சரசு பக்கத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்கவில்லை. அதைப் போனில் கேட்கக்கூடாது. மார்கழி விடுமுறைக்கு மூன்று பேரும் வருகிறார்கள், ஐந்து பேருக்கு அரிசிம்பருப்புச் சாதம் அளவு போடச் சொல்லியிருக்கிறான். வரட்டும். இலை போட்டு, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். மூன்றாவது முறை கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களால் மறைக்க முடியாது. அவன் இன்னும் எங்கள் ஊர்க்காரன்தானா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.